சாருக்கு எவ்வளவு?

கஞ்சிக்கோட்டிலிருந்து எலப்புள்ளிக்கு வருகிற சாயங்கால பஸ்ஸில், டிக்கெட்டை வாங்கி மடித்து வாட்ச் பட்டைக்குள் செருகிக்கொண்டு, மறையூர் அண்ணன் கண்டக்டரைப் பார்த்துக் கேட்பார்:

"சேட்டா, உங்களுக்கு மாசம் எவ்வளவு தருதாக?"

ஊர் எது என்று கேட்கிற குரலில்தான் கேட்பார். குறும்போ பொறாமையோ அதில் இருக்காது. சில கண்டக்டர்கள் காதில் விழாத மாதிரி மணியை அடித்துவிட்டு முன்னால் போய்விடுவார்கள். ஒருவர், எனக்குப் பெண் கொடுக்கிற உத்தேசமா என்று மலையாளத்தில் திருப்பிக் கேட்டார், பஸ்ஸே சிரித்தது. அண்ணனும் சேர்ந்து சிரித்துவிட்டு, "சொல்லிட்டுப் போங்க சேட்டா" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். நரைத்த மீசைக்காரர் ஒருவர் மட்டும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வசூலைப் பொறுத்துத் தனக்கு எப்படிக் கூடும், எப்படிக் குறையும் என்று ஆதியிலிருந்து சொன்னார். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்ததில் நாங்கள் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. திரும்பி நடந்து வரும்போது, "டீசல் வெலை ஏறுனா அவருக்குச் சம்பளம் எறங்குது தம்பி. இது என்ன கணக்கு?" என்று வழியெல்லாம் வியந்துகொண்டே வந்தார்.

அவரை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எலப்புள்ளியில் ராவுத்தர் ஒருவருடைய பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த அறையில் நாங்கள் நாலு பேர் தங்கியிருந்தோம். எல்லோரும் டிப்ளமோ முடித்து, கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளில் அப்ரண்டிஸாக இருந்தவர்கள். நான் வடகரப்பதிக்காரன், எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். அவர் என்னைவிட மூத்தவர். மறையூரிலிருந்து மூணாறு போகிற வழியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். பாலக்காட்டு வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. லீவு நாளில் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். குரல் மட்டும் மலைக்காரக் குரல். இந்தச் சரிவில் நின்று அந்தச் சரிவில் இருப்பவரிடம் பேசிப் பழகிய குரல். பக்கத்தில் படுத்திருப்பவனிடம் தீப்பெட்டி கேட்டாலும் கீழே கடையில் ராவுத்தர் நிமிர்ந்து பார்ப்பார்.

இந்தக் குரலில்தான் சம்பளம் கேட்பது. கேட்டதோடும் விடமாட்டார். சொல்லப்பட்ட எண்ணை அப்படியே ஒருமுறை திருப்பிச் சொல்வார். "பதினாலு" என்று ஏடிஎம் காவலாளி முணுமுணுத்தால், "பதினாலாயிரம்" என்று வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கச் சொல்லித் தலையாட்டிக்கொள்வார். கேலி செய்வதாக நினைத்துச் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. அவருக்கு அவர்கள் ஏன் கோபப்படுகிறார்கள் என்றே புரியாது.

ராவுத்தரிடமும் ஒருநாள் கேட்டுவிட்டார். பருப்பை நிறுத்துக்கொண்டிருந்த மனிதர் தராசைப் பிடித்தபடியே, "தம்பி, நீங்க சம்பளம் வாங்கற ஆளு. நான் யாவாரி. யாவாரிக்கிட்ட அதக் கேட்டா அன்னிக்குப் பூரா வண்டி ஓடாது" என்றார்.

"பாய், சும்மா ஒரு கணக்குக்குத்தான் கேக்கேன்."

"கணக்கா? போன மாசம் நீங்க நாலு பேரும் தர வேண்டிய ரூம் வாடகையில ஒரு கணக்கு நிக்குது. அதச் சத்தமாச் சொல்லட்டுங்களா?"

அதற்கு மேல் ராவுத்தரிடம் கேட்கவில்லை.

எனக்கு மறக்காதது எங்கள் ஊர்க் கல்யாணம். பெரியப்பா மகனுக்கு வடகரப்பதியில் கல்யாணம் நடந்தபோது அறையிலிருந்த மூன்று பேரையும் அழைத்துப் போயிருந்தேன். பந்தியில் அண்ணனுக்குப் பக்கத்தில் பெரியப்பாவின் மருமகன் உட்கார்ந்திருந்தார். கோயமுத்தூரில் ஒரு தனியார் பேங்கில் வேலை. அவர் வந்தால் எங்கள் வீட்டில் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். சாம்பார் சோற்றை முடிப்பதற்குள் அண்ணன் கேட்டுவிட்டார்.

"மாப்ள சாருக்கு எவ்வளவு சம்பளம்?"

சுற்றிலும் சொந்தக்காரர்கள். அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, "கையில நாப்பத்தஞ்சு வருதுங்க" என்றார்.

"நாப்பத்தஞ்சாயிரம்" என்றார் அண்ணன், பந்தி முழுக்கக் கேட்கும்படி.

எதிர் வரிசையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா, அதாவது அந்த மருமகனின் மனைவி, கரண்டியோடு திரும்பினாள். "நாப்பத்தஞ்சுங்களா? எங்கிட்ட முப்பத்தெட்டுன்னு சொன்னீங்க?"

ரசம் ஒருவர் இலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் அம்மா போனில் சொன்னாள்: "அந்தப் பையன் நல்ல பையந்தான் கண்ணு. ஆனா இனி விசேசத்துக்குக் கூட்டிட்டு வந்தராத. உங்க அக்கா இன்னும் மாப்பளகூடப் பேசறதில்ல."

அதற்குப் பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டைமாடியில் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது நேராகவே கேட்டேன். "ஏனுங்ணா, எதுக்கு எல்லார்த்துகிட்டயும் இதையே கேக்கறீங்க? அவங்களுக்குச் சங்கடமா இருக்காதுங்களா?"

"சங்கடமா? எதுக்கு?"

நிஜமாகவே தெரியாமல் கேட்டார். சட்டைக் காலரில் சோப்பைத் தேய்த்துக்கொண்டே அவர் சொன்னதைத்தான் பிறகு பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற பெண்கள் எல்லோருக்கும் நாள்கூலி ஒன்றுதான். யூனியன்காரர்களும் கம்பெனிக்காரர்களும் எங்கேயோ உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள். செய்தி லயத்துக்கு வரும். லயம் என்பது எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிவிட்ட தொழிலாளர் வீடுகள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். கூலிக்கு மேலே கிடைப்பது கூடுதலாகப் பறித்த கிலோவுக்கு மட்டும். அதையும் சாயங்காலம் எடை போடுகிற இடத்தில் பேரைச் சொல்லி, கிலோவைச் சொல்லி, உரக்கப் படிப்பார்கள். வரிசையில் நிற்கிற எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

"எங்க அம்மா கிலோ எனக்குத் தெரியும், பக்கத்து வீட்டு அத்தைக்குத் தெரியும், லயத்து நாய்க்குந் தெரியும். இதுல ஒளிக்கதுக்கு என்ன தம்பி இருக்கு?" என்றார். பிறகு சட்டையைப் பிழிந்துகொண்டே, "ஆனா ஒண்ணு. எங்க தாத்தா காலத்துலருந்து எங்க வீட்டுல யாரப் பாத்தும் ஒருத்தரும் 'ஒனக்கு எவ்வளவு வேணும்'னு கேட்டதில்ல. இவ்வளவும்பாக, வாங்கிக்கிடுவோம். மொத மொத அந்தக் கேள்விய எங்கிட்டதான் கேக்கப் போறாக. நாலு பேரு என்ன வாங்குதாகன்னு தெரியாம நான் என்னத்தச் சொல்ல?"

எனக்கு அது புதிதாக இருந்தது. எங்கள் பக்கத்துப் பழக்கம் இதற்கு நேர் எதிர். அப்பா தென்னந்தோப்பு வேலைக்குப் போவார். இடையில் மாட்டுத் தரகுக்கும் கூடப் போவார். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டைக் கையின் மேல் போட்டுக்கொண்டு, அதற்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. வீட்டிலும் அப்படித்தான். கூலிப் பணத்தை அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுதான் அம்மாவிடம் கொடுப்பார். வேலை முடிந்து தோட்டத்துக்காரர் "எவ்வளவு தரட்டும்?" என்று கேட்டால், "நீங்க பாத்துக் குடுங்க" என்பார். அதுதான் மரியாதை. எண்ணைச் சொன்னால் ஆசைக்காரன் என்று ஆகிவிடும். அவர் பார்த்துக் கொடுத்ததை எண்ணாமல் மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டுக்கு வந்த பிறகுதான் எண்ணுவார். பிறகு வீடு வரை பேசாமல் வருவார்.

அப்ரண்டிஸ் முடிய இருந்த அந்தக் கடைசி மாதங்களில் அண்ணன் பல் விளக்கும்போதும், ரூமைப் பெருக்கும்போதும் "தம்பி, கேளு" என்பார். நான் மேனேஜர் மாதிரி குரலைக் கனமாக்கிக்கொண்டு, "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்க வேண்டும். "இருவது" என்பார். ஒரு நிமிஷம் கழித்து, "கூடிட்டோ? பதினாறுன்னு வையி" என்பார். சாப்பிடும்போது "இருவத்திரெண்டு கேட்டா அடிக்கவா வருவாக?" என்பார். ஊரார் சம்பளம் எல்லாம் அவர் நாக்கில் இருந்தது. தன் எண் மட்டும் வரவே இல்லை.

வர வேண்டிய அவசரம் இருந்தது. அவர் அம்மாவுக்கு ரிட்டயர் வயது வந்து, அந்த மே மாதக் கடைசியில் எஸ்டேட் வேலை முடிகிறது. வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் சேர வேண்டிய பணம் கைக்கு வரும். குடும்பத்தில் வேறு யாராவது எஸ்டேட்டில் வேலை செய்தால் வீடு தங்கும். அப்பா முன்பே இறந்துவிட்டார். இவர் ஒரே பிள்ளை. படிக்க வைத்து மலை இறக்கியாகிவிட்டது. ஆகவே அவருக்கு வேண்டியிருந்தது வெறும் வேலை இல்லை; மே மாதத்துக்குள் அம்மாவைக் கொண்டுவந்து வைக்க வாடகைக்கு ஒரு வீடு எடுக்கிற அளவுக்குச் சம்பளம். "அந்தச் சொவத்துக்குள்ளதான் நான் பொறந்தேன். அம்மை அங்கனதான் வாழ்க்கப்பட்டு வந்தா. சாவியக் குடுன்னா எங்க போவா?" என்று ஒரே ஒருமுறை சொன்னார். அதை மட்டும் மெதுவாகத்தான் சொன்னார்.

பிப்ரவரியில், மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிற ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து இரண்டு பேரும் போனோம். மேனேஜர் அறைக்கு வெளியே வராந்தாவில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். கரண்ட் இல்லை. உள்ளே புழுக்கம் என்று கதவைத் திறந்து அடியில் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதனால் உள்ளே பேசுவதெல்லாம் வெளியே கேட்டது.

என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். மேனேஜர் ஐம்பதைத் தாண்டிய மலையாளி. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வேலை பற்றிக் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன். கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "சரி. சேலரி எத்ர பிரதீக்ஷிக்குது?"

எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்கிறார். பதினெட்டு என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் அப்பா பேசுகிறார்: "நீங்களே பாத்துப் போடுங்க சார்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். வெளியே வந்ததும் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இப்படியும் ஒரு பதில் இருக்கிறதா என்கிற ஆச்சரியம்தான் இருந்தது.

அடுத்துப் போன கண்ணாடிக்காரர் இருபது என்றார். அவருக்குப் பின்னால் போன இரண்டு பேரும் பதினெட்டு என்றார்கள். அண்ணன்தான் கடைசி. வேலைக் கேள்விகள் முடிந்தன. அந்தக் கேள்வி வந்தது. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இதே வேலைக்கு இங்கன இப்ப இருக்கவருக்கு எவ்வளவு சார் குடுக்கீக?"

"கேட்டது நானாக்கும்" என்றார் மேனேஜர்.

"தெரியும் சார். அது தெரிஞ்சாத்தான் என்னால சொல்ல முடியும்."

"அதெல்லாம் பறயான் பாடில்லா, சொல்லக்கூடாது. வெளியில உள்ளவங்க எல்லாம் பதினஞ்சுக்கு ஒத்துக்கிட்டாச்சு. நீங்க பறயூ."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அண்ணனுடைய தலை கதவுக்கு வெளியே வந்தது. "ஏங்க, கண்ணாடி போட்டவரே, நீங்க பதினஞ்சுன்னா சொன்னீங்க?"

கண்ணாடிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "இல்லீங்க. இருவதுங்க."

"நீங்க ரெண்டு பேரும்?"

"பதினெட்டு."

"தம்பி, நீ?"

"நான்தான் ஒண்ணுமே சொல்லலீங்களே" என்றேன்.

தலை உள்ளே போனது. "யாரும் பதினஞ்சு சொல்லல சார். தம்பி ஒருத்தன் உங்களையே பாத்துப் போடச் சொல்லியிருக்கான், அவ்வளவுதான்."

வராந்தாவில் எல்லோரும் சிரித்துவிட்டோம். உள்ளே மேனேஜரும் சிரித்தார். இருமல் மாதிரி ஒரு சிரிப்பு. வேலை போய்விட்டது, ஆனாலும் பரவாயில்லை, இதை ரூமில் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்போது அண்ணன் கேட்டார்:

"சாருக்கு எவ்வளவு?"

ஒரு வருஷமாக அவர் வாயிலிருந்து இதே கேள்வியைக் கேட்டுப் பழகிய எனக்கே கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது.  பிறகு மேனேஜர் எழுந்து கதவருகே வந்தார். எங்கள் நாலு பேரையும் ஒருமுறை பார்த்தார். ஷூ முனையால் அந்தச் செங்கல்லை ஓரமாகத் தள்ளினார். கதவு சாத்திக்கொண்டது.

அந்தப் புழுக்கத்தில் இரண்டு பேர் உள்ளே ரொம்ப நேரம் இருந்தார்கள். கண்ணாடிக்காரர் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்கவில்லை என்று கையை விரித்தார். கதவு திறந்தபோது அண்ணன்தான் வெளியே வந்தார். குனிந்து செங்கல்லை எடுத்துப் பழையபடி முட்டுக் கொடுத்தார்.

"எவ்வளவாமாங்க அவருக்கு?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார். எங்கள் நாலு பேரில் யாரும் இதுவரை யாரிடமும் கேட்டிருக்காத கேள்வி அது.

"வாங்க, டீ குடிக்கலாம்" என்றார் அண்ணன்.

 திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அண்ணன் அதை வாங்கி வாட்ச் பட்டையில் செருகினார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் எனக்கு போன் வந்தது. மேனேஜர்தான். பதினெட்டு போட்டிருக்கிறோம், திங்கட்கிழமை சேரலாம், ஆர்டர் மெயிலில் வரும் என்றார்.  போனை வைத்த கொஞ்ச நேரத்தில் அண்ணனுக்கு வந்தது. அவர் எழுந்து நின்று பேசினார். "ஆமா சார்... வேண்டாம் சார்... ரொம்ப நன்றி சார்." கடைசியாக, "உடம்பப் பாத்துக்கிடுங்க சார்" என்றார்.

வேலை தருகிறேன் என்று கூப்பிட்டவரிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிற ஒரு ஆளை அன்றுதான் பார்த்தேன்.

"எதுக்குங்ணா வேண்டாம்னீங்க?"

"நீயும் போகாத தம்பி."

"ஏனுங்க?"

"சொல்ல முடியாது."

"அவருக்கு எவ்வளவுன்னாவது சொல்லுங்க."

"அதுஞ் சொல்ல முடியாது."

எனக்குக் கோபம் வந்தது. "ஊர்ல இருக்கற அத்தன பேரு சம்பளத்தையும் பஸ்ஸுல நின்னு கத்தறீங்க. எங்க மாப்பள சம்பளத்தப் பந்தியில சொன்னீங்க. இத மட்டும் சொல்லமாட்டீங்களா?"

"அவுகள்லாம் தொறந்துபோட்டுச் சொன்னாக. இவரு கதவச் சாத்திட்டுச் சொன்னாரு தம்பி."

அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தையும் வாங்க முடியவில்லை. நான் போகாவிட்டால் அந்த இடத்துக்குத் தான் போகலாம் என்று நினைக்கிறாரோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அவர் தனக்கு வந்ததையே வேண்டாம் என்றிருக்கிறார். மே மாதம் வந்துகொண்டிருக்கிறது. அம்மா சாவியைக் கொடுக்க வேண்டும். வாடகை வீட்டுக்கு வழி இந்த வேலைதான். அதை விடுகிறார் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதை நம்பித்தான் நானும் விட்டேன். வேறு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை.

அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஏண்டா, பாத்துப் போடுங்கன்ன. அவங்களும் பாத்துத்தான போட்டுருக்கறாங்க. அப்பறம் என்னடா கேடு? எவனோ மலைக்காரன் போகாதன்னானாம், இவன் உக்காந்துக்கிட்டானாம்." ஒரு மாதம் என்னோடு நேராகப் பேசவில்லை. அம்மா வழியாகத்தான் பேச்சு.

மேனேஜருக்கு நானே போன் செய்து வரவில்லை என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அவன் வல்லதும் பறஞ்சோ?" என்று மட்டும் கேட்டார். அவன் ஏதாவது சொன்னானா என்று.

"இல்லீங்க சார். ஒண்ணுமே சொல்லலீங்க."

 பிறகு, "நல்ல பையன்" என்றார். போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகு அறை கலைந்தது. ஏப்ரலில் அண்ணனுக்குப் பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். நான் ஊருக்குப் போய், அங்கிருந்து கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே அந்தக் கேள்வி வந்தபோது, எண்ணைச் சொன்னேன். 

ஓணம் கழிந்து ஒருநாள் பாலக்காட்டுக்கு ஒரு வேலையாக வந்தபோது, பஸ் கஞ்சிக்கோட்டில் அந்தக் கம்பெனி வழியாகப் போனது. கேட் பூட்டியிருந்தது. வெளியே தார்ப்பாய்க்கு அடியில் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பத்து மாதச் சம்பளப் பாக்கி என்று மலையாளத்தில் துணியில் எழுதிக் கட்டியிருந்தது. ஓரத்தில், உட்காரவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றிருந்தவர் அந்த மேனேஜர். அதே வெள்ளைச் சட்டை. மடிப்புக் கலையவில்லை.

பத்து மாதம். பஸ்ஸுக்குள் உட்கார்ந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாங்கள் போன பிப்ரவரியில் அவருக்குச் சம்பளம் நின்றே சில மாதம் ஆகியிருக்கிறது. நின்றுபோன சம்பளத்தோடு அங்கே உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

பாலக்காட்டுக் காரியத்தை அப்படியே விட்டுவிட்டு, இறங்கி எலப்புள்ளி பஸ்ஸில் ஏறினேன். ராவுத்தர் கடையில் விசாரித்ததும், "அந்தச் சத்தக்காரத் தம்பிதான? அம்மாவக் கூட்டிட்டு வந்துட்டான். கொளத்துக்குப் பின்னால" என்று வழி சொன்னார்.

வரிசையாக நாலு சின்ன வீடுகள், நடுவில் பொதுவாக ஒரு குழாய். மூன்றாவது வீடு. அண்ணன் டூட்டி முடிந்து வந்து ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து மூன்று வீட்டுக்காரர்களும் என்ன வாடகை தருகிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் வீட்டுக்காரரிடம் பேசினாராம். அதனால் கொஞ்சம் குறைந்ததாம். அவர் அம்மா டீ போட்டுக் கொடுத்தார்கள். மெலிந்த உருவம், விரல் நுனிகளில் மட்டும் கொழுந்துக் கறை இன்னும் போகவில்லை. டம்ளரை நான் வாயில் வைப்பதற்குள் கேட்டார்கள்.

"தம்பிக்கு எவ்வளவு சம்பளம்?"

நான் வாசலைப் பார்த்தேன். குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். மெதுவாகச் சொன்னேன்.

"காதுல விழல. சத்தமாச் சொல்லு."

"பத்தொம்பதாயிரம்மா."

"பத்தொம்பது" என்றார்கள் அந்த அம்மா. அண்ணனுடைய குரல் எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது.

குழாயடியிலிருந்து ஒரு பெண், "பரவால்லீங்களே. எங்க ஊட்டுக்காரருக்குப் பதினாறுதானுங்க, பன்னெண்டு வருசமா அதே கம்பெனி" என்றாள்.

"பன்னெண்டு வருசமாவா? கேக்கச் சொல்லு தாயி."

"அவரு எங்கீங்க வாயத் தொறக்கறாரு. பாத்துப் போடுவாங்க, பாத்துப் போடுவாங்கன்னுட்டே இருக்கறாரு."

நான் டீயைக் குடித்தேன். அண்ணன் என்னைப் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த நாலு வீட்டுச் சம்பளமும் முற்றத்துக்கு வந்துவிட்டது. இரண்டாவது வீட்டுக்காரர் மட்டும் உள்ளேயிருந்து, "ஏனுங்க, என்ன சத்தம்?" என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை ஒருக்களித்துக்கொண்டார்.

பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, கம்பெனி வாசலில் பார்த்ததைச் சொன்னேன்.

"தெரியும். முந்தாநேத்துப் போயிப் பாத்துட்டு வந்தேன்" என்றார் அண்ணன். "டீ வாங்கிக் குடுத்தேன். குடிச்சாரு."

"அன்னிக்கு அதத்தான் சொன்னாருங்களா? சம்பளம் வர்றதில்லன்னு?"

"துணியில எழுதியிருக்கத நீ படிச்சுட்ட. அதோட விடு."

"எவ்வளவுன்னும் சொன்னாருங்களா? இனி சொன்னா என்னங்ணா. கம்பெனியே மூடியாச்சு."

அவர் தலையிலிருந்த துண்டை எடுத்து உதறிக் கொடியில் போட்டார். 

அம்மா காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டே சொன்னார்கள்: "எங்கிட்டயும் சொல்லலய்யா. பொறந்ததுலருந்து இவன் வாயில ஒரு நம்பர் தங்குனதில்ல. இத வயித்துக்குள்ள வெச்சிருக்கான்னா, அந்த மனுசன் என்ன கனத்துல எறக்கி வெச்சாரோ."

அடுத்த வருஷம் அவர்கள் தேனிப் பக்கம் போய்விட்டார்கள். போன் எண்ணும் மாறிவிட்டது. அந்த மேனேஜருடைய சம்பளம் எவ்வளவு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள இன்றைக்கும் ஆசைதான். அன்று விடைபெற்று எழுந்தபோது அவர்கள் வீட்டுக் கதவைக் கவனித்தேன். காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதற்கும் ஒரு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது. நான் அதைத் தாண்டிக் காலை எடுத்து வைத்து, முற்றத்துக்கு வந்தேன்.